முதுகு காட்டிப் பறந்த பாப்பா

வண்டிகளைப் பார்க்க வேண்டுமானால், நேயர்களே, வட சென்னைக்கு வாருங்கள். மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் வண்டிகள் இல்லையா என்று கேட்பீர்கள். அங்கே அவை புகுந்த வீட்டில் இருக்கின்றன. அவற்றின் பிறந்த வீடு இங்கேதான்.

ராயபுரத்தில் ஆரம்பியுங்கள். 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த ஸ்டேஷனிலிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் புறப்பட்டது. அந்தக் காலத்துத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. வடக்கே நகர்ந்தால் திருவொற்றியூர். 1946-இல் இங்கே ஒரு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தவர்கள்தான் பிற்பாடு எம். ஆர். எஃப். டயர்காரர்கள் ஆனார்கள். ஐம்பதுகளில் 'புல்லட்' மோட்டார் சைக்கிள் இந்தியாவில் உருண்டு வந்ததும் இதே ஊரிலிருந்துதான். இன்னும் வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை. நாட்டிலே பாதிப் பேர் ஒரு தடவையாவது அவர்கள் பஸ்ஸில் ஏறி இறங்கியிருப்பார்கள். அதற்கும் அப்பால் காமராஜர் துறைமுகத்தில் புத்தம் புதிய கார்கள் வரிசையாகக் கப்பலேறிக் கடல் கடந்து போகின்றன.

இப்படி ஊர் உலகத்துக்கெல்லாம் வண்டி கட்டிக் கொடுக்கும் வட்டாரத்தில் ஒரு கைக்குழந்தை எப்படிப் பிரயாணம் செய்கிறது? எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக அரை மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். அவற்றின் இடுக்கில் ஒரு மோட்டார் சைக்கிள் நுழைந்து வரும். பெட்ரோல் டாங்க்கின் மேல் ஒரு குழந்தை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இன்னொன்று. அம்மாவின் தோளில் தூங்கும் மூன்றாவது. அப்பா தலையில் ஹெல்மெட் இருக்கும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கும் ஹெல்மெட் போட்டு, ஓட்டுகிறவரோடு வார்ப்பட்டையால் பிணைத்து, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்ட வேண்டும் என்று 2022-இல் மத்திய சர்க்கார் விதி செய்து, 2023 முதல் அது அமலில் இருக்கிறது. அந்த வார்ப்பட்டையை இந்தச் சாலையில் நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தால் சொல்லுங்கள்.

ஆகவே, திருவொற்றியூர் தேரடிக்கு அருகில் உள்ள ஒரு சந்தில், எனக்கு வேண்டிய ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில், அமெரிக்காவிலிருந்து வந்த 'குழந்தை கார் சீட்' ஒன்று உட்கார்ந்திருந்தபோது தெருவே கூடிவிட்டதில் ஆச்சரியம் இல்லை.

பெரியவர் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வு பெற்றவர். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். எட்டு மாதக் குழந்தையைத் தாத்தா ஆயாவிடம் காட்டுவதற்காக மாப்பிள்ளையும் அவளும் வந்திருந்தார்கள். அன்று இரவு திரும்பிப் போக வேண்டும். அப்போதுதான் திண்ணைக்கு வந்தது அந்த வஸ்து. முறம் மாதிரி ஆரம்பித்து, நாற்காலி மாதிரி வளைந்து, உள்ளே மெத்தையும் ஐந்து இடத்தில் மாட்டும் பட்டையுமாக இருந்தது. ஆயா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு மாப்ள இந்தக் கூடை? புள்ளைய மடில வச்சிக்கினு போவக் கூடாதா?" என்றாள்.

மாப்பிள்ளை, காரில் மட்டுமல்ல, ஆகாய விமானத்திலும் குழந்தை இதிலேதான் உட்காரப் போகிறது, அதுவும் விமானத்தின் வாலைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறது என்று மெதுவாகச் சொன்னார். ஆயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எல்லாரும் முன்னாடி பாத்துக்கினு போவ, எம் பேத்தி மட்டும் முதுக காட்டிக்கினு போவணுமா? இவளப் பெத்து ராயபுரம் ஆஸ்பத்திரிலேர்ந்து ரிக்ஷாவுல மடில வச்சிக்கினு வந்தனே, இன்னா ஆயிப்போச்சு?"

ராயபுரம் ஆஸ்பத்திரி என்றால் ஆர். எஸ். ஆர். எம். பிரசவ ஆஸ்பத்திரி. வட சென்னையில் பாதிப் பேருக்குப் பிறந்த இடம் அதுதான். ஆயாவின் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. சைக்கிள் ரிக்ஷாவில் வந்த குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் சைக்கிள் ரிக்ஷா எவ்வளவு வேகம் போகும்? வேகம் இரண்டு பங்கானால் மோதலின் உக்கிரம் நான்கு பங்கு என்பது கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது முட்டி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கார் நின்றுவிடும், மடியில் இருக்கும் குழந்தை நிற்காது. எட்டுக் கிலோ குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்த நூறு கிலோவுக்கு மேற்பட்ட பளுவைத் தாங்கும் பலம் வேண்டும். ஐம்பது கிலோ அரிசி மூட்டை இரண்டு!

நான் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டார். பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "நூறு கிலோ மூட்டைய முதுவுல ஏத்திக்கினு நான் நடந்துகிறேன். பறந்து வர்ற மூட்டைய எவனாலயும் புடிக்க முடியாது. ஹார்பர்ல பாத்துகிறேன்."

அதற்கு மேல் ஆயா மடியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் முதுகு விஷயத்தை விடவில்லை. ஏன் பின்பக்கம் பார்க்க வேண்டும்?

பச்சைக் குழந்தையின் உடம்பை ஒரு தரம் நன்றாகப் பாருங்கள். தலை மட்டும் உடம்பின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. நமக்கெல்லாம் எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். அந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்து எலும்புகளோ இன்னும் முற்றி ஒன்றாக இணையவில்லை, நடுவிலே குருத்தெலும்புதான். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் வண்டி சட்டென்று நின்றால், பட்டை உடம்பைப் பிடித்துக்கொள்ளும். தலையை யார் பிடிப்பார்கள்? அது முன்னே வீசப்படும், கழுத்து இழுபடும். பின்பக்கம் பார்த்து உட்கார வைத்தால், தலை, கழுத்து, முதுகு எல்லாமே ஒன்றாக நாற்காலியின் முதுகில் போய்ப் பதியும். ஓரிடத்தில் விழ வேண்டிய அடி உடம்பு முழுவதும் பரவிவிடும். கிரிக்கெட் பந்தை விரல் நுனியில் வாங்குவதற்கும் உள்ளங்கையில் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இந்த யோசனை முதலில் தோன்றியது ஸ்வீடன் தேசத்து டாக்டர் பெர்ட்டில் ஆல்ட்மன் என்பவருக்கு. 1960-களில் அமெரிக்கர்கள் 'ஜெமினி' விண்கலத்தில் ஆட்களை அனுப்பினார்கள் அல்லவா? அதிலே வீரர்கள் மல்லாந்து, ராக்கெட்டின் உந்தலை முதுகு முழுவதும் வாங்கிக்கொண்டார்கள். பெரிய மனிதர்களுக்கே இந்த ஏற்பாடு என்றால் குழந்தைகளுக்கு ஏன் கூடாது என்று அவர் நினைத்து, 1964-இல் முதல் மாதிரியைச் செய்து வால்வோ காரில் சோதித்துப் பார்த்தார். ஸ்வீடனில் இன்றைக்கும் நான்கு வயது வரை குழந்தைகள் காரில் பின்னோக்கிப் போவது சகஜம். யுத்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் ராயல் ஏர்ஃபோர்ஸ், துருப்புகளை ஏற்றிச் செல்லும் விமானங்களில் ஆசனங்களைப் பின்பக்கம் திருப்பியே போட்டது. நம்மைப் போன்ற டிக்கெட் வாங்கும் ஜனங்களுக்கு அது பிடிக்காது என்பதால் மற்ற விமானங்களில் பெரும்பாலும் வரவில்லை. அடுத்த முறை விமானத்தில் போனால் கவனியுங்கள்; பணிப்பெண்கள் மடக்கு ஆசனத்தில் உட்காரும்போது பல இடங்களில் நம்மைப் பார்த்துத்தான், அதாவது பின்னோக்கித்தான், உட்காருகிறார்கள்.

வாடகைக் கார் வந்தது. பின் ஆசனத்தில் பெல்ட்டைத் தேடினார் மாப்பிள்ளை. காணோம். அழகான உறை ஒன்றைப் போட்டு டிரைவர் பெல்ட்டின் கொக்கியை அடியிலே சமாதி செய்திருந்தார். உறையைத் தூக்கி, கையை விட்டு, கொக்கியை வெளியே எடுக்கக் கால் மணி நேரம். "முன் ஸீட்ல வச்சிரலாமே சார்" என்றார் டிரைவர். கூடவே கூடாது, நேயர்களே! முன்னே காற்றுப் பை இருக்கும். மோதலில் அது வெடித்து விரியும்போது பின்னோக்கி இருக்கும் நாற்காலியின் முதுகில் நேராக அறையும். பெரியவர்களைக் காக்கும் பை குழந்தைக்கு எமனாகிவிடும். நம் சட்டப்படி பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைக் காரில் பெல்ட்டோ தகுந்த இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இது. டிரைவருக்கு இது புதுச் செய்தி. பின் ஆசனத்தில் குழந்தை, பக்கத்திலே தாய், டிக்கியில் ஆறு பெட்டி, முன்னே மாப்பிள்ளை. எனக்கும் பெரியவருக்கும் ஆயாவுக்கும் இடமில்லை.

எங்களுக்கென்ன குறை? தேரடியில் ஏறினால் விமான நிலைய வாசலில் இறக்கிவிட மெட்ரோ ரயில் இருக்கிறது. 2021-இல் வடக்கே விம்கோ நகர் வரை இந்தப் பாதை நீண்டதிலிருந்து, மீன் கூடை வாசனை மூக்கை விட்டுப் போவதற்குள் மீனம்பாக்கம் வந்துவிடுகிறது. விம்கோ என்பது கூட ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்தான். உயரத்தில் ஓடும் ரயிலிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தியாகராஜ சுவாமி கோபுரம், மறுபக்கம் வீடுகளின் இடைவெளியில் மினுக்கும் கடல். அடுத்த ஸ்டேஷன் காலாடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் துரை நெசவாளர்களுக்காக அமைத்த காலெட்பேட்டை அது. ஜனங்களின் வாயில் புகுந்து புறப்பட்டு, கவர்னர் துரை காலாடியாகிவிட்டார்! தண்டையார்பேட்டைக்கு வருமுன் ரயில் பூமிக்குள் புகுந்துகொண்டது. அப்புறம் சின்னமலையில்தான் வெளிச்சம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய. விமான நிலையத்தில் நாங்கள் இறங்கி நடந்து, காலை ஆற்றிக்கொண்டு, ஆயா இரண்டு தடவை "கார் எங்க கீது?" என்று கேட்ட பிறகுதான் அவர்கள் வந்தார்கள். குழந்தை நாற்காலியிலேயே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

டிக்கெட் இல்லாதவர்களை வாசலுக்கு மேலே விடமாட்டார்கள். உள்ளே நடப்பதை நான் சொல்லுகிறேன்.

இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி ஆசனம் வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பது நம் நாட்டிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வழக்கம். நம் நாட்டில் தாயின் பெல்ட்டோடு கோத்துக்கொள்ளும் சின்ன வளைய பெல்ட் ஒன்றைக் குழந்தைக்குக் கொடுப்பார்கள். அமெரிக்கா அந்த வளைய பெல்ட்டை அனுமதிப்பதில்லை. விமானம் மோதினால் தாயின் உடம்பு குழந்தையின் மேல் மடிந்து நசுக்கிவிடும் என்பது அவர்கள் பயம். மேலே பறக்கும்போது சுவரில் மாட்டும் தொட்டிலும் சில விமானங்களில் உண்டு. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும், நடுவிலே குலுக்கல் வந்து விளக்கு எரியும்போதும், தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துவிட வேண்டும். ஆபத்து வருவதும் பெரும்பாலும் அந்த நேரங்களில்தான்!

1989-ஆம் வருஷம் ஜூலை மாதம் 19-ஆம் தேதி, டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போன யுனைடெட் கம்பெனியின் 232-ஆம் எண் விமானம் நடுவானில் வால் எஞ்சின் உடைந்து, திசை திருப்பும் சக்தியை இழந்தது. சூ சிட்டி என்ற ஊரில் இறங்கி நொறுங்கியது. 296 பேரில் 184 பேர் பிழைத்ததே அதிசயம். மடியில் நான்கு குழந்தைகள் இருந்தன. தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், தமக்குக் கற்றுக்கொடுத்திருந்தபடி, குழந்தைகளைக் காலடியில் தரையில் படுக்க வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அந்த அடியில் யாருடைய கை நிற்கும்? ஒரு குழந்தை இறந்துபோயிற்று. உடைந்த விமானத்துக்குள் மறுபடியும் ஓடப் பார்த்த அதன் தாயைத் தடுத்து நிறுத்தியவரும் அந்தப் பணிப்பெண்தான். குழந்தைகளைத் தரையில் வை என்று தாம் சொன்ன வார்த்தையை அந்த அம்மையார் மறக்கவேயில்லை. குழந்தைக்குத் தனி ஆசனம் வேண்டும் என்று பிறகு பல்லாண்டுகள் ஊர் ஊராகப் பேசினார்.

விபத்து விசாரணைக் குழுவும் அதையே சிபாரிசு செய்தது. ஆனால் விமான நிர்வாகம் மறுத்துவிட்டது. அவர்கள் சொன்ன காரணத்தையும் கேளுங்கள். தனி டிக்கெட் கட்டாயம் என்றால் சில குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் கிளம்பும்; விமானத்தைவிடச் சாலையில் சாவு அதிகம்; ஆகவே காப்பாற்றும் குழந்தைகளைவிட இழக்கும் குழந்தைகள் அதிகம் ஆகும் என்றார்கள். கணக்கில் நியாயம் இருக்கிறது. விமானத்தில் மடியில் போகும் குழந்தைக்கு நேரக்கூடிய ஆபத்து உண்மையில் மிக மிகச் சொற்பம். எண்ணூர் நெடுஞ்சாலையில் பெட்ரோல் டாங்க்கின் மேல் போகும் குழந்தையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பணம் அளவோடுதான் இருக்கிறது, ஒன்றுக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால், முதலில் தரையில் போகும் வண்டிக்குத்தான் செலவழிப்பேன். இரண்டும் முடிகிறவர்கள் இரண்டும் செய்யட்டும்.

செய்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். குழந்தைக்கென்று டிக்கெட் வாங்கும்போதே கார் சீட் கொண்டு வருவதாகக் கம்பெனியிடம் சொல்லி, அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி போல் இன்னொன்று இல்லை. அமெரிக்காவில் விற்கும் சீட்டுகளில், மோட்டார் வண்டிக்கும் விமானத்துக்கும் ஏற்றது என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். அது கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடி அதுதான். விமானத்தில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் உண்டு. தோள் பெல்ட்டோ, காரில் இருக்கும் இரும்புக் கொக்கியோ கிடையாது. ஆகவே இடுப்பு பெல்ட்டாலேயே இறுக்கக்கூடிய சீட்டாக இருக்க வேண்டும். பெரிய குழந்தைகளை உயர்த்தி உட்கார வைக்கும் வெறும் மணை உதவாது. ஜன்னல் ஓரத்தில்தான் வைக்க வேண்டும். மற்றவர்கள் அவசரத்தில் வெளியேறும் வழியை மறிக்கக் கூடாதல்லவா? அவசர வழி உள்ள வரிசையும் அதற்கு முன்பின் வரிசைகளும் ஆகாது.

மாப்பிள்ளை மூன்றாம் நாள் தொலைபேசியில் பேசினார். எல்லாம் சுலபமாக நடந்ததா என்று கேட்டேன். சிரித்தார். நாற்காலியைத் திருப்பி வைத்துப் பட்டையைப் பூட்டியதும் ஒரு பணிப்பெண் வந்து, "முன்பக்கம் பார்த்து வையுங்கள்" என்றாளாம். இவர் சிவப்பு எழுத்தையும், எத்தனை கிலோ வரை பின்னோக்கி வைக்க வேண்டும் என்ற குறிப்பையும் காட்ட, அவள் மேலதிகாரியை அழைத்து வர, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, "இவர் சொல்வதுதான் சரி" என்று தீர்ப்புச் சொன்னாராம். அத்தோடு முடிந்ததா? முன் ஆசனத்துக்காரர் சாய்ந்து படுக்கப் பார்த்தார், ஆசனம் நகரவில்லை. பின்னால் இருந்த நாற்காலி முட்டுக்கொடுத்து நின்றது. பாதி ஐரோப்பா வரை முணுமுணுத்தாராம். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. புறப்படுமுன்பே முன்னால் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

விமானம் ஏறும்போது காது அடைத்துக் குழந்தை அழும் என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். தாய் பட்டையை அவிழ்க்காமல், குனிந்து பால் புட்டியை வாயில் வைத்தாள். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். இறங்கும்போதும் அப்படியே. நடுவில் விளக்கு அணைந்திருந்த சமயங்களில் எடுத்துப் பால் கொடுத்து, நடக்க வைத்து, மறுபடி பூட்டினார்களாம். மொத்தத்தில் குழந்தை பிரயாணத்தில் பாதிக்கு மேல் தூங்கிவிட்டது. தூங்காதவர்கள் மற்ற இருவரும்தான்.

இதையெல்லாம் தேரடி வீட்டில் போய்ச் சொன்னேன். பெரியவர் தலையை ஆட்டினார். ஆயா, குழந்தை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போயிற்று என்பதை மட்டும் இன்னொரு தரம் கேட்டுக்கொண்டாள்.

"பின்னாடி பாத்துக்கினு போச்சுன்னா, நம்மளத்தான பாத்துக்கினே போய்க்கீது!" என்று சொல்லிவிட்டு, மீன் ஆய உள்ளே போனாள்.